கந்தளாய்க் குளத்தைச் சுற்றி நடக்க ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள கந்தளாய்க்கு நடக்கவென்று வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு, போனில் வரைபடத்தைத் திறந்து, நீல நிறத்தின் ஓரத்தைப் பிடித்தபடி நேரே அலைகரைக்குள், அதாவது குளத்துத் தண்ணீர் ஏறி இறங்குகிற கரை நிலத்துக்குள், இறங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வரைபடத்தில் உள்ள நீலம் அசையாது, குளத்துத் தண்ணீர் மாதத்துக்கு மாதம் அசையும். ஆவணியில் நடந்த தடம் தையில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும்.

இங்கே அம்புக்குறி போட்ட பாதைகள் கிடையாது. நடக்கக்கூடிய இடம் மூன்று வகை: குளக்கட்டு, வாய்க்கால் ஓரத்து மண் வீதி, அலைகரை. இதே வரிசையில் பழகுங்கள். கட்டில் நின்று பார்த்தால்தான் தண்ணீர் எங்கே நிற்கிறது, மாடு எங்கே மேய்கிறது, காடு எங்கே கரையைத் தொடுகிறது என்பது தெரியும். அது தெரியாமல் அலைகரையில் இறங்கினால் திரும்பும் வழியையும் ஊகித்துத்தான் நடக்க வேண்டிவரும்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

எந்தப் பாதை என்று தீர்மானிப்பதற்கு முன் எந்த மாதம் என்று பாருங்கள். திருகோணமலைப் பக்கம் பெரிய மழை ஐப்பசியில் தொடங்கி தை வரை பெய்யும். அந்த மழையில் குளம் நிறையும். பிறகு சிறுபோக (மழையில்லாத கால விளைச்சல்) வயலுக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும், புரட்டாசி வாக்கில் அலைகரை அகன்ற புல்வெளியாகக் கிடக்கும்.

முதல்முறை வருபவர்களுக்கு மாசி, பங்குனி நல்லது. குளம் நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. ஆனால் அலைகரை பெரும்பாலும் தண்ணீருக்குள் இருப்பதால் கட்டும் வாய்க்கால் வீதியும்தான் நடை. அதுவே முதல் நாளுக்குப் போதும்.

ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து வருகிற அந்தக் காய்ந்த காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் எவ்வளவு தண்ணீர் உடம்பை விட்டுப் போகிறது என்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். புல்லும் தண்ணீரும் ஓரிடத்தில் இருக்கிற காலம் என்பதால் யானை கரைக்கு வருவதும் இந்த மாதங்களில்தான் அதிகம்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னலைக் கணக்கில் வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் உயர்ந்த வெறுவெளி குளக்கட்டுதான், அதன்மேல் நிற்கிற ஆள் அதைவிட உயரம். மத்தியானத்துக்குப் பிறகு முகில் கறுத்தால் கட்டை விட்டு இறங்கி ஒரு கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். தனி மரத்தடி பாதுகாப்பில்லை.

மார்கழியில் பெருமழை பெய்து, மிகுந்த தண்ணீரை வெளியே விடுகிற வான் கதவு திறந்திருக்கிற நாட்களில் வர வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் கதவை எப்போது இன்னும் உயர்த்துவார்கள் என்பது கீழே நிற்கிறவருக்குத் தெரியாது.

2. முதல் நாளே முடிக்க வேண்டியவை

தனியாக வராதீர்கள். மூன்று அல்லது நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் அவருடன் இருக்க, ஒருவர் ஆள் கூப்பிடப் போகலாம். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் கதையும் சிரிப்பும் கூடிவிடும், யானை முறிக்கிற கிளைச் சத்தம் காதில் விழாது.

வீட்டில் ஒருவரிடம் எங்கே தொடங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று சொல்லிவையுங்கள். காட்டோரத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் "போய்ச் சேர்ந்து எடுக்கிறேன்" என்பது உதவாது. "பின்னேரம் நாலு மணிக்குள் எடுக்காவிட்டால் தேடு" என்று சொல்ல வேண்டும்.

குளமும் கட்டும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. கட்டில் நடக்கலாமா, திருத்த வேலை ஏதும் நடக்கிறதா என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காட்டுப் பக்கத்தில் வனத் திணைக்களத்தின் அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தின் பலகை கண்டால் அதற்கு அப்பால் அனுமதியில்லாமல் போக வேண்டாம்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். குளத்துத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று எண்ணி வராதீர்கள், மாடும் எருமையும் இறங்குகிற தண்ணீர் அது. இரண்டு பக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) எடுத்துக்கொள்ளுங்கள், பார்மசியில் கிடைக்கும். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் கால் பிடித்து இழுக்கும்.

நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, விரல் மூடிய சப்பாத்து. செருப்போடு வருகிற பொடியன்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கும். கற்களுக்கிடையிலும் காய்ந்த புல்லிலும் கண்ணாடிப் புடையன் பாம்பு கிடக்கும், அது கடிப்பது பெரும்பாலும் காலில். தொப்பி கட்டாயம். நிறம் மங்கலாக இருந்தால் நல்லது.

தோள் உயரத்துக்கு ஒரு தடி. சேறு பார்க்கவும் புல் விலக்கவும் அதுதான் கை. அத்துடன் ஒரு விசில், டோர்ச், போனைச் சுற்றிவைக்க ஒரு பிளாஸ்திக் பை, காயத்துக்குக் கட்டுத் துணி.

சாப்பாட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள். வாழைப்பழம், அன்னாசி, கரும்பு மாதிரி வாசம் வீசுகிற பழங்களைத் திறந்த பையில் கொண்டுவராதீர்கள். குரங்கு பையைப் பறிக்கும், யானை தூரத்திலிருந்தே மணந்துவிடும். ரொட்டியும் கட்டிச் சம்பலும் போதும், பழுதாகாது.

4. போய்ச் சேர்வதும் தொடங்கும் நேரமும்

திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஹபரணை வழியாகக் கொழும்புக்கும் கண்டிக்கும் போகிற பஸ்கள் ஏ6 வீதியால் கந்தளாயைக் கடந்துதான் போகின்றன, ஏறி இறங்கினால் சரி. ரயில் நிலையமும் இருக்கிறது, ஆனால் ரயில் நேரம் நடைக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

நன்றாக விடிந்த பிறகு தொடங்குங்கள், ஆறரை முதல் ஏழு மணிக்குள். அதைவிட முந்த வேண்டாம். இரவில் வயலுக்கு வந்த யானைகள் காட்டுக்குத் திரும்புவது விடிகிற நேரத்தில்தான், அரைகுறை வெளிச்சத்தில் அவற்றின் வழியில் நீங்கள் நிற்பீர்கள். சூரிய உதயப் படம் எடுக்க ஐந்து மணிக்கே அலைகரைக்குப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. உதயம் பார்க்க வேண்டுமென்றால் ஊரோடு ஒட்டிய பக்கத்தில், கட்டின் மேல் நின்று பாருங்கள்.

5. முதல் நடை: குளக்கட்டு

கட்டின் நீளம் 14,000 அடி, கிட்டத்தட்ட 4.3 கிலோமீற்றர். உயரம் 50 அடி. ஏற்றம் இறக்கம் இல்லாததால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுத்து ஒரு தரம் நடந்துவிடலாம். அதனால்தான் ஏமாறுகிறார்கள். நிழல் இல்லை. கட்டில் பெரிய மரம் வளர விடுவதில்லை, வேர் செத்து உக்கினால் அந்தத் துளையால் தண்ணீர் புகுந்து மண்ணை அரித்துவிடும். மேலே வெயில், பக்கத்தில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில், இரண்டும் சேர்ந்து முகத்தைச் சுடும். போன தூரத்தைத் திரும்பியும் நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கொண்டுபோன குடிதண்ணீரில் பாதி முடியும் முன்பே திரும்புங்கள், கட்டின் முடிவு வரை போனாலும் போகாவிட்டாலும்.

குளப்பக்கம் பதித்திருக்கிற கற்களில் இறங்கி உட்கார வேண்டாம். அலை படுகிற கல் பாசியால் வழுக்கும், இடுக்குகளில் பாம்பு கிடக்கும்.

துருசுப் பக்கம், அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மதகுப் பக்கம், குளிக்கவே கூடாது. தண்ணீர் அடியால் வெளியேறுவதால் மேற்பரப்பு சலனமில்லாமல் தெரியும், இழுவை அடியில் இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது இழுத்துவிடும். "இங்கே ஆழமில்லை" என்று யாராவது சொன்னால் அது போன மாதத்துக் கதை.

1986 ஏப்ரல் 20 அன்று இந்தக் கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திரும்பக் கட்டிய கட்டில் நடக்கிறோம் என்ற நினைப்போடு நடங்கள். கூடாரம் அடிக்க முளை இறுக்குவது, சரிவில் சறுக்கி விளையாடுவது, மோட்டார் சைக்கிளைச் சரிவில் ஏற்றுவது எல்லாம் மண்ணையும் புல்லையும் கிளறிவிடும், அடுத்த மழை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கச் சரிவில் புதிதாக ஈரம் கசிவதைக் கண்டால், அதுவும் கலங்கலாக வந்தால், உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு நீர்ப்பாசனத் திணைக்கள ஆட்களுக்கு உடனே சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 117, அது இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

நடந்துகொண்டே அலைகரையைப் படியுங்கள். மாடு கூட்டமாக மேய்கிற இடம், மீன்பிடித் தோணிகள் இழுத்துவைத்திருக்கிற இடம், காடு கரைக்கு மிக நெருங்கி வருகிற இடம், இந்த மூன்றையும் ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள். பிறகு இந்தத் தாள்தான் உங்கள் வரைபடம்.

6. வாய்க்கால் ஓரத்து வீதி

கட்டுக்குக் கீழே வாய்க்கால் ஓடுகிற பக்கம் நடை மிகவும் இதமானது. மருத மர நிழல், வயல் காற்று, கொக்கும் நீர்க்காகமும். தம்பலகாமத்து வயல்களுக்கும் தண்ணீர் இந்தக் குளத்திலிருந்துதான் போகிறது, அந்தத் திசையில் எவ்வளவு தூரமும் நடக்கலாம்.

வரப்பில் ஏறாமல் வீதியிலேயே நடங்கள். வரப்பு இடிந்தால் கமக்காரருக்குத் திரும்ப ஒரு நாள் வேலை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் வயல் தண்ணீரிலும் சேற்றிலும் கால் வைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் உடம்புக்குள் ஏறுகிறது. மின்வேலி கண்டால் தொடவோ குனிந்து நுழையவோ வேண்டாம். அது யானையை ஊருக்குள் விடாமல் தடுக்கிற வேலி. படலை திறந்து போனால் போனவுடன் மூடுங்கள். நீங்கள் திறந்துவிட்ட படலையால் அன்றிரவு யானை வந்தால் அழிவது ஒரு குடும்பத்தின் போகம்.

7. அலைகரை

முதல் இரண்டு நடையும் முடிந்த பிறகே இது, அதுவும் வேறொரு நாளில். வைகாசிக்குப் பிறகுதான் நடக்கிற அளவுக்குக் கரை வெளிக்கும்.

இறங்குவதற்கு முன் ஆளைக் கேளுங்கள். வழியில் சந்திக்கிற மாடு மேய்க்கிற ஐயாவுக்கும் வலை இழுத்துவிட்டு வருகிற அண்ணைமாருக்கும் தெரிந்தது எந்தப் போனிலும் இல்லை. கந்தளாயில் சிங்களம் கதைக்கிறவர்கள் நிறையப் பேர். "அலி இன்னவாத?" என்றால் யானை நிற்கிறதா என்று கேட்டதாகும், பதிலைக் கையாலேயே காட்டுவார்கள். கேட்கும்போது "யானை வருமா" என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார்கள். நேற்று எந்தப் பக்கம் நின்றது, இன்று காலமை எந்தப் பக்கம் போனது என்று கேளுங்கள். இரவில் யானை வெடி கேட்டதா என்றும் கேளுங்கள். வெடி போட்டுத் துரத்திய யானை கோபத்தோடும் பயத்தோடும் காட்டோரத்தில் நிற்கும், அன்றைக்கு அலைகரை வேண்டாம்.

அடுத்தது மண். தண்ணீர் புதிதாக இறங்கிய இடத்தில் மேல்மண் காய்ந்து வெடித்துத் திடமாகத் தெரியும், அடியில் களி இளகிக்கொண்டிருக்கும். முழங்கால் வரை புதைந்தால் சப்பாத்து உள்ளே நின்றுவிடும், பதறி இழுத்தால் மற்றக் காலும் புதையும். தடியை ஊன்றிப் பாருங்கள், ஒரு சாண் இறங்கினால் அந்தப் பக்கம் வேண்டாம். மாட்டுத் தடத்திலேயே நடப்பது எளிய வழி, மாடு இறுகிய நிலத்தைத்தான் தெரிந்தெடுக்கும். எருமைத் தடத்தைப் பின்தொடராதீர்கள், அது சேற்றைத் தேடித்தான் போகும். புதைந்துவிட்டால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள்.

தண்ணீர் விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளியே நடங்கள். முதலை உள்ள குளம். கை கழுவ, முகம் கழுவ, நின்று படம் எடுக்க என்று விளிம்பில் குந்துவதுதான் ஆபத்து. கழுவ வேண்டுமென்றால் போத்தல் தண்ணீர்.

அதே நேரம் பற்றைக்குள் ஒதுங்கியும் நடக்க வேண்டாம். காட்டோரத்து ஒற்றையடித் தடங்களில் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கும் (கால் பட்டால் தானாக வெடிக்கிற துவக்கு) கம்பிச் சுருக்கும் இருக்கலாம். பாதையில் கிடக்கிற பூசணித் துண்டு, வெள்ளரி, பழம் எதையும் தொடாதீர்கள், உதைக்கவும் வேண்டாம். பன்றி கடிக்கவென்று உள்ளே வெடிமருந்து வைத்து ஒளித்திருப்பார்கள், யானைக் கன்றுகளின் வாய் சிதறிச் சாவது இதனால்தான். தண்ணீருக்கும் பற்றைக்கும் நடுவே, வெளிப்பான புல்லில், மாட்டுத் தடத்தில், இதுதான் அலைகரையில் உங்கள் வீதி.

எங்கே இறங்கினீர்களோ அங்கேயே ஏற வேண்டும். முழுக் குளத்தையும் சுற்றி வரலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பாதியில் ஒரு ஆற்று வாயிலோ சேற்றிலோ மறிபட்டு, வந்த தூரத்தை வெயிலில் திரும்ப நடந்து, யானை வருகிற நேரத்தில் காட்டோரத்தில் நிற்கிறார்கள்.

8. யானை

புதுத் தடயம் எது, பழையது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இலத்தி பளபளப்பாக ஈரமாக, ஈ மொய்த்தபடி இருந்தால் யானை அண்மையில்தான் நிற்கிறது. மேல் காய்ந்து நிறம் வெளிறியிருந்தால் பழையது. சேற்றில் காலடிக் குழிக்குள் தண்ணீர் இன்னும் கலங்கலாக ஊறிக்கொண்டிருந்தால் திரும்புங்கள். முறிந்த கிளையின் இலை வாடாமல் இருந்தாலும் அப்படியே.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அடிக்கடி பாருங்கள். காற்று உங்களிடமிருந்து காட்டுக்குப் போனால் உங்கள் வாசம் முன்னால் போய் யானைக்குச் சொல்லிவிடும், பெரும்பாலும் அது விலகிவிடும். காற்று எதிரே வந்தால் நீங்கள் வருவது அதற்குத் தெரியாது, திடீரென்று மிக அருகில் சந்திப்பீர்கள். அப்படியான நாளில் சாதாரணக் குரலில் கதைத்தபடி நடங்கள்.

கண்டுவிட்டால் நில்லுங்கள். முதுகைக் காட்டாமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். கூட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே, தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது. தனியன் கொம்பனோ அலியனோ (தந்தமில்லாத ஆண் யானை) நின்றால் இன்னும் தூரம் எடுங்கள், வயலுக்கு வந்து வெடி வாங்கிப் பழகியவை பெரும்பாலும் தனியன்கள்தான். காதை விரித்துத் தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் அது எச்சரிக்கை. படம் எடுக்க இன்னும் பத்தடி முன்னால் போகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாருங்கள், நண்பர் கோபித்தாலும் பரவாயில்லை.

சரிவில் இறங்கி ஓடினால் யானை வராது என்று ஊரில் சொல்வார்கள். வரும். தண்ணீரில் இறங்கினால் தப்பலாம் என்பதும் பிழை, யானை நன்றாக நீந்தும். துரத்தினால் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய மரம், பாறை, கட்டடம் எதையாவது நடுவில் விட்டு மறைய வேண்டும்.

இதெல்லாம் தேவைப்படாமல் இருக்க ஒரே வழி நேரம். அலைகரையிலிருந்து பகல் இரண்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். மூன்று, நான்கு மணிக்குப் பிறகு யானை தண்ணீருக்கு இறங்கும். எங்கள் பக்கத்தில் சூரியன் விழுந்தால் இருட்ட அரை மணித்தியாலம் கூட எடுக்காது, "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்ற கணக்கு இங்கே சரிவராது.

9. ஏதாவது நடந்தால்

பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. காலை அசைக்காமல் தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வாகனம் எட்டக்கூடிய இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதால் கட்டின் எந்த முனை, எந்தத் துருசு என்று தெரிந்துவைத்திருங்கள். கந்தளாயில் அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. விஷக்கடி வைத்தியரிடம் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மணித்தியாலங்களைப் போக்க வேண்டாம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் தேவையில்லை.

வெயிலில் ஒருவருக்குத் தலைசுற்றினால் நிழலில் படுக்க வைத்து, சட்டையை நனைத்து விசிறி, ஜீவனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். உளறத் தொடங்கினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 1990.

10. வெளியே வந்த பிறகு

கொண்டுபோன பக்கற், போத்தல், சாப்பாட்டுத் தாள் எல்லாம் உங்களோடு திரும்பி வர வேண்டும். சாப்பாட்டு வாசம் பிடித்த பொலித்தீனை யானையும் மாடும் அப்படியே விழுங்கிவிடும். காய்ந்த புல் நிற்கிற மாதங்களில் தீ மூட்டவோ சிகரெட் துண்டு போடவோ வேண்டாம், கச்சானில் ஒரு பொறி போதும்.

பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்குங்கள், இந்தப் பக்கத்துத் தயிர் நன்றாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் உடுப்பைத் தனியாகப் போட்டு, கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசிக்காமல், சாவணத்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து நேரே இழுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்காமல் வைத்தியரிடம் போய், குளத்துச் சேற்றிலும் வயலோரத்திலும் நடந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.